தேவாசீர் வாங்காத அடிகள்

கடல் ஒரு பக்கமும் உப்பளம் மறு பக்கமுமாக நெருக்கிக்கொண்டிருந்த ஞானாபரணபுரத்தில் ஆறடி மூன்றங்குல உயரமும் நூற்றுப் பத்துக் கிலோ எடையுமாக ஒரு மனுஷன் இருந்தான், பெயர் தேவாசீர், தொழில் குத்துச்சண்டை. ஆறு வருஷம் மதராஸ், பம்பாய், கொழும்பு, ரங்கூன் என்று சுற்றிப் பத்தொன்பது பேரோடு மோதி, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பியவன் என்று இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள், சொல்லும்போது வெட்கப்படவும் மாட்டார்கள். அப்படியானால் விழுந்த அடியெல்லாம் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்டால், அது அவன் பெண்டாட்டிக்குப் போயிற்று என்று, ஏதோ தபால் போகிற வழியைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விடுவார்கள்.

தேவாசீர் முதலில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் ஏதோ தகராறில் அவன் தள்ளிய தள்ளில் ஒரு லாரி டிரைவர் உப்புக் குவியலுக்குள் இடுப்புவரைக்கும் புதைந்துபோனதை ரொட்ரிகோ பார்த்தார். ரொட்ரிகோ ஊர் ஊராய்ப் போய்க் குத்துச்சண்டை நடத்துகிறவர், மற்றவன் படுகிற அடியிலேயே வெள்ளைச் சட்டை கசங்காமல் வாழ்ந்தவர். "ஏலே, நீ மூட்டை தூக்கப் பொறந்தவன் இல்ல, ஆளைப் படுக்கப்போடப் பொறந்தவன்லே" என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அதே மாதத்தில்தான் அவனுக்குக் கல்யாணமும் ஆயிற்று. பெண் ஞானப்பூ, மெலிந்த உடம்பு, சத்தம் காட்டாமல் வேலை செய்கிற கை, விடியற்காலை ஜெபம் ஒருநாளும் தப்பாத பிள்ளை. கல்யாணப் பிரசங்கத்தில் குருவானவர், புருஷனும் பெண்டாட்டியும் இனி 'ஒரே மாம்சம்' என்ற சொல்லை மூன்று தரம் அழுத்திச் சொன்னார், மூன்றாந்தரம் சொல்லும்போது மேசையில் ஓங்கி ஒரு தட்டும் தட்டினார், பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஞானப்பூ அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கையில் அவள் தலை பட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பியது. வாயிலிருந்து ஒரு பல் தெறித்துத் தேங்காய்ப் பூவுக்குள் விழுந்தது. மாமியார் தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள்.

"தேங்காயைத் துருவச் சொன்னா பல்லைத் துருவிப் போடுதியேட்டி!"

பதில் சொல்ல ஞானப்பூ வாயைத் திறப்பதற்குள் மூக்கு வீங்கியது, பிறகு இடது கண் மூடியது, பிறகு விலாவில் யாரோ உலக்கையால் இடித்தது மாதிரி இருந்து அவள் சுவரோரமாகச் சரிந்தாள். மறுநாள் தந்தி வந்தது, தேவாசீர் ஏழாவது ரவுண்டில் ஜெயித்துவிட்டான் என்று. அதற்கு மறுநாள் அவனே ரயிலில் வந்து இறங்கினான், கழுவி வைத்த கத்தரிக்காய் மாதிரி முகத்தோடு. கூடவே வந்த ரொட்ரிகோ தெருவெல்லாம் கேட்கும்படி, "அந்த மதராஸ்காரன் இவன் மூஞ்சியில மத்தளம் வாசிச்சான்யா, இவன் பாட்டுக்குச் சிரிச்சிக்கிட்டு நிக்கான்!" என்றார். சொல்லிவிட்டு, கதவோரம் நின்ற ஞானப்பூவின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடினார். அதைக் கணக்காகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான், புரிந்ததும் அவர் செய்த காரியம், அடுத்த சண்டைக்கு இன்னும் பெரிய ஆளாகப் பிடித்ததுதான்.

இரண்டாவது சண்டையிலும் அப்படியே நடந்தது, மூன்றாவதிலும் நடந்தது, அதற்குமேல் ஊரார் ஆச்சரியப்படுவதற்குச் சோம்பல்பட்டு அதைப் பழகிக்கொண்டார்கள். குருவானவரிடம் போய்க் கேட்டபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒரே மாம்சம்னு நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். ஆண்டவர் நெசமாவே எடுத்துக்கிட்டார்" என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "எத்தனையோ கல்யாணம் நடத்திவச்சிருக்கேன், ஒண்ணாவது பலிச்சுதே" என்று சந்தோஷமும் பட்டார். நல்ல மனுஷன். யாரையும் கடிந்து பேசமாட்டார், அதனால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லாதவர்.

தந்திக்கு மறுநாள்வரை காத்திருக்க வேண்டும், ஞானப்பூவின் முகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தது யாரென்று தெரியாது, ஆனால் ஒரு வருஷத்துக்குள் தேவாசீருக்கு எந்த ஊரில் சண்டை நடந்தாலும் அந்தச் சாயங்காலம் அவன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு போட்டாயிற்று. ஆரம்பப் பள்ளி வாத்தியார் சிலேட்டோடு வந்தார், ரவுண்டு ரவுண்டாகக் கோடு போட. மீன் கம்பெனிக்காரர் ஐஸ் அனுப்பினார். பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து, அவளைச் சுற்றி உட்கார்ந்து, எந்த இடம் வீங்குகிறதோ அந்த இடத்தில் அப்பிவிட்டு, வெளியே இருக்கிற ஆண்களுக்குச் சத்தமாகச் சொன்னார்கள், "இடது தாடை!" "இப்ப நெத்தி!" என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் வீங்காமல் இருந்தால் ஜன்னலுக்கு வெளியே சலிப்பு வந்துவிடும். "என்ன மயினி, ஒண்ணும் வரலியா?" என்று ஒருவன் கேட்பான், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி.

ஒருவரும் அவள்மேல் ஒரு விரல் வைத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் நல்லவர்கள். பக்கத்து வீட்டுப் பொன்மணி ஒவ்வொரு தடவையும் கண்ணீர் விட்டுத்தான் அழுவாள், அழுதுகொண்டே கழுத்தை நீட்டி சிலேட்டையும் பார்ப்பாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரு கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஞானப்பூவை மேடையேற்றி, பொறுமைக்கு என்று பெயர் பொறித்து ஒரு வெள்ளி டம்ளர் கொடுத்தார்கள். உதடு கிழிந்திருந்ததால் அன்றைக்கு அவளால் அதில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

தேவாசீரோ நாளுக்கு நாள் பிரபலமானான். பத்திரிகைக்காரர்கள் அவனை 'இரும்புத் தேவாசீர்' என்று எழுதினார்கள். அந்த இரும்பின் லட்சணத்தைச் சொல்லுகிறேன் கேளுங்கள். குத்துச்சண்டை படிக்கிற பிள்ளைக்கு முதல்நாள் சொல்லிக்கொடுப்பது கையைத் தூக்கி முகத்தை மறைக்கிற வித்தை. தேவாசீர் அதைப் படிக்கவே இல்லை. வலிக்காதவனுக்கு மறைப்பு எதற்கு? இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு, நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு, மூன்று அடி வாங்கினால் ஒரு அடி திருப்பிக் கொடுத்து, எதிராளி குத்திக் குத்திக் கை சலித்து மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவான். மூட்டை தூக்கும்போது செய்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதைத் துணிச்சல் என்றார்கள். ஊரில் இருக்கிற நாட்களில் அவன் பயிற்சி என்று செய்ததெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று, அடி விழும்போது எப்படிச் சிரிப்பது என்று பழகியதுதான்.

வீட்டுக்கு வந்தால் அன்பாகத்தான் இருப்பான். பம்பாயிலிருந்து தைலம் வாங்கி வருவான், ஒரு தடவை பொய்ப்பல்லும் வாங்கி வந்தான். ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு ஆசையாகக் கேட்பான்.

"இந்தா, அந்த ரங்கூன்காரன் கை எப்படி இருந்துச்சு? சொல்லு, எனக்கு ஒண்ணும் தெரியல பாத்துக்கோ."

"வலது கை கனமா இருந்துச்சு அத்தான். ஆனா நாலாவது தடவைக்கு மேல அவரு மனசில்லாமத்தான் குத்துனாரு. பாவம், அவருக்கு ஏதோ கவலை."

"கவலையா? அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டவளுக்குத் தெரியாதா அத்தான்?"

அவளுக்கு அந்தப் பத்தொன்பது பேரையும் தெரியும். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை, ஆனால் இன்னார் கோபத்தில் குத்துகிறவர், இன்னார் பயத்தில் குத்துகிறவர், இன்னார் வீட்டில் சுகமில்லாத யாரையோ நினைத்துக்கொண்டே குத்துகிறவர் என்று அவள் எலும்புக்குத் தெரியும். விடியற்காலையில் பேர் பேராகச் சொல்லி அவர்களுக்காக ஜெபித்தாள். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டிருக்கலாம்.

நாலாவது வருஷம் கொழும்புச் சண்டையின்போது அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அங்கே ஒரு சிங்களவர் தேவாசீரின் வயிற்றில் ஐந்து குத்து விட்டார். சிலேட்டில் ஐந்து கோடு விழுந்தது. அன்றைக்குப் பெண்கள் ஜன்னலைச் சாத்தினார்கள், ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஜெயித்தானா இல்லையா என்று தெரியாமலே வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததே என்று வருத்தப்பட்டார்கள். தேவாசீர் ஒரு டப்பா மிட்டாய் வாங்கி வந்தான். "போனது போவட்டும், அடுத்தது பாத்துக்கலாம்" என்றான், ரயிலைத் தவறவிட்டவன் மாதிரி. ஞானப்பூ அந்த டப்பாவைத் திறக்கவில்லை.

ஆறாவது வருஷம் ஆண்டவர் மறுபடியும் கண் திறந்தார். இந்தத் தடவை ஒரு விநோதம் நடந்தது. அவளுக்கு மசக்கை கண்ட அன்று காலையில், கொல்லையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த தேவாசீர் கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்தான். முட்டையைக் கண்டால் குமட்டியது. ரொட்ரிகோ கறிச்சாறு கொண்டுவந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டான், மாங்காய் கிடைக்குமா என்று கேட்டான். இரும்புத் தேவாசீர் முற்றத்தில் உட்கார்ந்து அடுப்புச் சாம்பலைத் தொட்டு நக்கியதைப் பொன்மணி தன் கண்ணால் பார்த்தாள்.

"எண்ணே, எத்தனாவது மாசம்?" என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான்.

"சூட்டு வயிறுலே, சூட்டு வயிறு" என்றான் தேவாசீர்.

ஊர் சிரித்தது, சிரித்துவிட்டு மறந்தது. ஞானப்பூ மறக்கவில்லை. இத்தனை வருஷமும் அங்கிருந்து இங்கே மட்டும்தான் வழி இருந்தது, இப்போது இங்கிருந்து அங்கேயும் திறந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது. ஒருநாள் காலையில் அவன் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்போது, இவள் அவனை மனசில் நினைத்துக்கொண்டு, வாசலில் விளக்குமாறு எடுக்கிறவள் மாதிரி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். டீக்கடை முன்னால், நடுரோட்டில், தேவாசீர் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். இவள் எழுந்தாள், அவனும் எழுந்தான். முள் குத்திவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதத்தில் ரொட்ரிகோ பட்டச் சண்டையைக் கொண்டுவந்தார். கீழ்த்திசைக் கனஎடைப் பட்டம், அதுவும் ஞானாபரணபுரத்துப் பள்ளிக்கூட மைதானத்திலேயே. எதிராளி பூனாக்காரன் விட்டல். அவனுடைய வித்தை ஒன்றே ஒன்று. முகத்தைத் தொடவே மாட்டான், வயிற்றில் மட்டுமே குத்துவான்.

ஞானப்பூ அன்றைக்குத்தான் முதல்முதலாக மறுத்து வாய் திறந்தாள்.

"இது வேண்டாம் அத்தான். பிள்ளை பொறந்த பொறவு எவ்வளவு வேணும்னாலும் ஆடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"பட்டச் சண்டை இந்தா! ஊரே கொட்டகை போட்டாச்சு. நீ கொஞ்சம் தம் பிடிச்சுக்கோ."

"நான் பிடிப்பேன். அது பிடிக்குமா?"

அவன் ரொட்ரிகோவைப் பார்த்தான். ரொட்ரிகோ தன் சட்டைக் கையைப் பார்த்தார்.

"அப்படின்னா கையத் தூக்கி வயித்தை மறைச்சாவது ஆடுங்க."

"எனக்கு அது வராதே" என்றான் தேவாசீர். ஆறு வருஷத்தில் அவன் சொன்ன ஒரே உண்மை.

அவள் குருவானவரிடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விசேஷ ஜெபம் ஏறெடுக்கிறேன் என்றார், ஏறெடுத்தார், தேவாசீரின் வெற்றிக்காக. ஐக்கிய சங்கத்தார் கூடிப் பேசி மெத்தைக்காரனை வரவழைத்து, இலவம்பஞ்சு திணித்து அவள் இடுப்புக்கு அளவாக ஒரு பட்டை தைத்துக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வருகிற அடிக்கல்லவா பஞ்சு வேண்டும், இது உள்ளேயிருந்து வருகிற அடி என்று அவள் சொன்னபோது, "ஆசையாச் செஞ்சுகொண்டு வந்திருக்கோம், கட்டிக்கோயேன்ட்டி" என்று முகம் வாடினார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாதென்று கட்டிக்கொண்டாள்.

சண்டையன்று நாலு மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வழக்கம்போல ஜன்னலுக்கு வந்தார்கள். வாத்தியார் இந்தத் தடவை புதுச் சிலேட்டு வாங்கியிருந்தார். ஒலிபெருக்கி மைதானத்தில் கட்டியிருந்தது, அங்கே ஒருவன் தும்மினால் இங்கே அடுப்படிக்குக் கேட்டது. மணி அடித்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. தேவாசீர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிரிக்கிறான் என்று ஒலிபெருக்கி சொன்னது.

முதல் குத்து விழுந்தபோது ஞானப்பூ பஞ்சுப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டாள்.

"வயிறு ஒண்ணு!" என்றாள் பொன்மணி ஜன்னலைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இரண்டாவது விழுந்தது. காலையிலிருந்து உள்ளே உருண்டு புரண்டுகொண்டிருந்த பிள்ளை அசைவை நிறுத்தியது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு பட்டையின் முடிச்சை அவிழ்த்துக் கீழே போட்டாள், கட்டிலைவிட்டு இறங்கினாள், அவனை மனசில் நினைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் முழங்கால்படியிட்டாள்.

ஒலிபெருக்கியில் ஆர்ப்பரிப்பு அறுந்தது. பிறகு அறிவிப்பாளர் குரல், கொஞ்சம் திக்கி, "தேவாசீர்... முழங்கால்ல... அடியே படல சார், தானாவே இறங்கிட்டான்" என்றது. நடுவர் எண்ண ஆரம்பித்தார்.

"ஒன்."

தங்கபுஷ்பத்துக்குத்தான் முதலில் விளங்கியது. "ஏட்டி! எந்திரிட்டி!" என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பொன்மணி ஓடிவந்து ஒரு கையைப் பிடித்தாள், ஐக்கிய சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். நாற்பத்தைந்து கிலோ பெண்ணைத் தூக்க முடியவில்லை, நூற்றுப் பத்துக் கிலோ மனுஷனும் சேர்ந்தல்லவா அங்கே முழங்காலில் நின்றான்.

"ஃபோர்."

"ஊரு மானம் போவுதுட்டி! பட்டம்ட்டி!" என்று ஜன்னல் கத்தியது. வாத்தியார் சிலேட்டைத் தலைக்குமேல் ஆட்டினார், என்ன நினைத்து ஆட்டினாரோ.

"சிக்ஸ்."

அப்போது ஒலிபெருக்கியில் தேவாசீரின் குரலே வந்தது. "ஞானப்பூ! எந்திரி ஞானப்பூ! ஏ ஞானப்பூ!" ஆறு வருஷத்தில் அவன் அவள் பேரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. நல்ல பேர்தான், கூப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே முழங்காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

"நைன்."

உள்ளே, இடது விலாவுக்குக் கீழே, பிள்ளை ஒரு தரம் நெளிந்தது. மறுபடியும் நெளிந்தது.

"டென்."

மைதானமும் தெருவும் ஒன்றாக மூச்சை விட்டன. "சரி, எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமேலாவது எந்திரிச்சுத் தொலை, எம்பிள்ளை அங்க மண்டி போட்டு நிக்கான், ஊரே பாக்குது" என்றாள் தங்கபுஷ்பம், அழுகையும் ஆத்திரமுமாக.

"இருங்க மாமி, முழங்கால் போட்டாச்சு. ஜெபம் பண்ணாம எந்திரிக்கப்படாது" என்றாள் ஞானப்பூ.

கண்ணை மூடிக் கைகூப்பினாள். கொட்டகை நடுவில், விட்டலின் கையைத் தூக்கிப் பட்டத்தைக் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், தேவாசீரும் கண்ணை மூடிக் கைகூப்பினான் என்று ஒலிபெருக்கி சொன்னது. அவள் யாரையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லி ஜெபிக்கிறவள் அல்ல. ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, அவர்கள் பிள்ளைகுட்டி பேரையும் சொல்லி, அவர்களுக்கு என்ன குறை என்பதையும் ஆண்டவருக்கு விளங்குகிற மாதிரி எடுத்துச் சொல்லி, நிதானமாக ஜெபிக்கிறவள். ஜன்னலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சைத் தூக்கப் பார்த்தார்கள். ஞானாபரணபுரத்தில் அப்போது எண்பத்திரண்டு வீடு. அவள் கடற்கரையோரத்து முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள்.